தராசுக்குத் தலை சாய்க்கத் தெரியும்

வீடு,
செவ்வாய்க்கிழமை.

கடல்மேல் இருக்கும் என் மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மனைவியும் நலம். மாடுகள் எங்களைவிட நலம். நீயும் நலமாக இருக்கவேண்டும், வேளைக்குச் சாப்பிடவேண்டும், எஞ்சின் அறைச் சூட்டிலிருந்து மேலே வந்ததும் ஐஸ் தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் இருக்கவேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. நீ துறைமுகத்திலிருந்து போன் செய்தால் பாதி உன் குரல், பாதி இரைச்சல். அதிலும் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தாலே 'சரிம்மா, சரிம்மா' என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகவே படி.

"கொம்பு வேணுமா, நான் வேணுமான்னு முடிவு பண்ணிக்கோங்க" என்று எழுதியிருக்கிறாய். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? நீதான் வேண்டும், வேறென்ன சொல்வேன். போன வருஷம் ஊசி போடும் நாளில் நம் பசு தராசு தலையைத் திருப்பியபோது, அவள் கொம்புக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு இரண்டு விலா எலும்பை உடைத்துக்கொண்டேன். அந்தச் செய்தி உனக்கு நடுக்கடலில் வந்தது. இறங்கி ஓடிவர வழியில்லாமல் நீ தவித்திருக்கிறாய். அது எனக்குப் புரிகிறது, அதனால்தான் உன்னோடு சண்டைக்கு வரவில்லை. மாட்டு டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் மந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வரும்போது கொம்பறுக்கும் கம்பியையும் கொண்டுவருவார். எல்லா மாட்டுக்கும் அறுத்துவிடுவதாகப் பேச்சு. தராசுக்கும்தான்.

ஒப்புக்கொண்டேன் என்பதற்காக என் வாய் அடைத்துப்போனதாக நினைக்காதே. நீ இந்த வீட்டில் வளர்ந்தவன்தான், ஆனால் உன் தலை எப்போதும் டிராக்டரின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. இந்த மந்தை எப்படி வந்தது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? கொம்பு நீளம் என்பதற்காக மட்டும் எந்தக் காளையையும் நான் பசுவோடு சேர்த்ததில்லை. முதலில் குணம். எத்தனை பெரிய அழகியாக இருந்தாலும், முட்டுகிற பழக்கம் உள்ளவளிடம் நான் கன்று எடுத்ததில்லை. அடுத்தது, ஆள் துணை தேடாமல் கன்று போடவேண்டும், போட்ட கன்று சட்டென்று எழுந்து நிற்கவேண்டும். இதெல்லாம் தேறினால்தான் கொம்பைப் பார்ப்பேன். இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி, தாய்க்குப் பின் மகள், மகளுக்குப் பின் பேத்தி என்று வந்து சேர்ந்தவள் தராசு. நிமிர்ந்து நின்றால் இரண்டு கொம்பும் ஒரே மட்டத்தில் இருபுறமும் நீண்டு, நுனியில் மட்டும் லேசாக மேலே திரும்பும். பட்டிக் கதவு அவளுக்குப் போதாது. ஆனால் அந்தக் கொம்போடு அவள் மற்ற மாடுகளுக்கு நடுவில் புகுந்து வருவாள், ஒருத்தி மேலும் நுனி உரசாது. கன்றின் முதுகில் ஈ உட்கார்ந்தால் கொம்பு நுனியால் தடவிவிடுவாள், கன்று கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நிற்கும். அவள் என்னை வேண்டுமென்று இடிக்கவில்லை. இதை எழுதாமல் கடிதத்தை ஒட்டினால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இனி உன் மனைவி விஷயம். "அவளை மாட்டுப் பக்கம் விடாதீங்க, டவுன்ல வளந்தவ" என்று எழுதியிருக்கிறாய். அதற்கெல்லாம் காலம் கடந்துவிட்டது.

கல்யாணமான சூட்டோடு நீ கப்பலேறிவிட்டாய். முடி வெட்டும் கடையில் வேலை பார்த்த பெண், சீப்பும் கத்தரியும் பிடித்த விரல்கள், இங்கே இரண்டு மாதம் தாங்குவாளா என்று நான்கூட நினைத்தேன். முதலில் சமையலறை ஜன்னலில் நின்று மாடுகளைப் பார்த்தாள். அப்புறம் வேலி வரைக்கும் வந்தாள். ஒருநாள் நான் தீவனம் கலந்துவிட்டுத் திரும்பினால், வக்கீலின் நெற்றி மயிரைச் சீப்பால் வாரிக்கொண்டு நிற்கிறாள். வக்கீல் யாரென்று நீ மறந்திருப்பாய். பசுக்களோடு சேர்க்க நாம் வைத்திருக்கும் பொலிகாளை. எந்தக் கதவுக்கு முன்னாலும் நின்று, யோசித்து, வாதாடி, ஒத்திவைத்து, அப்புறம்தான் உள்ளே வருவான். நான் கத்தினால் அவன் மிரளுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளோ கடைக்கு வந்தவரிடம் பேசுகிற மாதிரி, "வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல சார்? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று பேசிக்கொண்டிருக்கிறாள். வாதமே செய்யாமல் அவனும் தலையைத் திருப்பிக் கொடுக்கிறான்!

வெளியே வந்ததும் அவளைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுவிட்டு, "முன்னாடி நிக்கல அத்தை, பின்னாடியும் நிக்கல. தோளை ஒட்டித்தான் நின்னேன். அங்க நின்னாதான் அவருக்கு என்னைத் தெரியுது. தலையைத் திருப்பினாலும் நுனி என்னைத் தாண்டிப் போயிடுது" என்றாள். சரிதான். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் நான் பல தடவை விழுந்து எழுந்து கற்றதை இவள் ஜன்னலில் நின்றே கற்றிருக்கிறாள். அன்றைக்கு நான் இதை அவளிடம் சொல்லவில்லை. மாமியார் என்றால் கொஞ்சம் கெத்து வேண்டாமா?

கொம்பை அறுக்கப்போகிறோம் என்று சொன்னபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "முடி, நகம் மாதிரிதானே அத்தை, வலிக்காதே" என்றாள். நான் அவளைத் தராசிடம் கூட்டிப்போய்க் கொம்பு முளைக்கும் இடத்தில் கையை வைக்கச் சொன்னேன். அந்த இடம் எப்போதும் சூடாக இருக்கும். உள்ளே எலும்பு, அதைச் சுற்றி இரத்தம், வெயில் நாளில் உடம்பின் சூடு அந்த வழியாகத்தான் இறங்கும், வளர்ந்த மாட்டுக்கு அறுத்தால் இரத்தம் பீச்சியடிக்கும், மண்டையில் துவாரம் தெரியும் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் கையை எடுக்கவே இல்லை. "நான் இத்தனை வருஷமா உயிரில்லாததைத்தான் வெட்டிட்டு இருந்திருக்கேன். இதுல உயிர் ஓடுது அத்தை" என்றாள். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வந்து என்னிடம் ஒன்று கேட்டாள். மாடுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி ஊசி போட நாம் குழாய் வைத்துக் கட்டியிருக்கிறோமே, அந்தச் சந்துதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். கொம்பு மாட்டுவதும் அங்கேதான், மாடு மிரளுவதும் அங்கேதான், என் விலா போனதும் அங்கேதான். பரிசோதனை நாளில் எந்த மாடு சந்தில் கொம்பை மாட்டிக்கொள்கிறதோ அதற்கு மட்டும் அறுக்கலாம், மாட்டாமல் போகிறவளை விட்டுவிடவேண்டும் என்று கேட்டாள். நான் சரி என்றேன். நடக்கும் என்று நம்பிச் சொல்லவில்லை. நடந்துவிடாதா என்ற ஆசையில் சொன்னேன். டாக்டரும் ஒப்புக்கொண்டார். உன் பேச்சை மீறுவதாகத் தோன்றினால் தாராளமாகக் கோபித்துக்கொள். உன் கோபம் இங்கே வந்து சேரும்போது பரிசோதனை முடிந்திருக்கும்.

உன் பாதையில் கடல் அலுங்காமல் கிடக்கட்டும்.

உன்னைப் பெற்று, மாடுகளையும் வளர்க்கும்
அம்மா.


வீடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகனுக்கு அம்மாவின் ஆசிகள். என் விலா எலும்புகள் ஒழுங்காக இருக்கின்றன. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ எதையும் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவாய். பரிசோதனை முடிந்தது. இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். நடந்தது அப்படி.

உன் மனைவி முதல் காரியமாக ஒரு பழைய டிரம்மைக் கவிழ்த்துப்போட்டுச் சந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வேலை எதுவும் செய்யவில்லை. உட்கார்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். இதென்ன, சினிமா பார்க்கிற மாதிரி என்று நான் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் சொன்னாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழியும் சந்தைப்போலக் குறுகல்தான். அங்கே தராசு கட்டிலை வாசல் வழியாகக் கொண்டுபோவதுபோல ஒரு கொம்பை முன்னால் விட்டு, தலையைச் சாய்த்து, இன்னொன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு சுலபமாகப் போகிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. அதே தராசு இரும்புச் சந்தில் மட்டும் கழுத்தை விறைத்துக்கொள்கிறாள். தொட்டிக்குத் தனியாகப் போகிறாள், சந்தில் பின்னாலிருந்து ஒருத்தி தள்ளுகிறாள், அவளுக்கும் பின்னால் நாம் நின்று கத்துகிறோம். "கடையில யாராவது பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தா கஸ்டமர் கழுத்தை இறுக்கிக்குவாங்க அத்தை. அந்த நேரத்துல கத்தரி வச்சா காது போயிடும்" என்றாள்.

அடுத்து குழாய். சந்தின் இடது பக்கம், மேலிருந்து முதல் குழாயில், ஒரே இடத்தில் பெயிண்ட் உரிந்து பளபளவென்று இருக்கிறதாம். கொம்பு இடிக்கும் இடம் அதுதான், அந்தக் குழாயை எடுத்துவிட்டால் கொம்பு வெளியே நீட்டிக்கொண்டு போய்விடும் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தச் சந்தை நின்று கட்டியவள் நான். மேல் குழாயை எடுத்தால் மாடு தாண்டிவிடும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அவள் துணி துவைக்கப் போன சமயம் பார்த்து நான் போய் அந்தக் குழாயைத் தடவிப் பார்த்தேன். அவள் சொன்ன இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. வருஷா வருஷம் அதற்குப் பெயிண்ட் அடிப்பது நான்தான். ஏன் அங்கே மட்டும் உரிகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மறுநாள் வெல்டரைக் கூப்பிட்டு நானே அறுக்கச் சொன்னேன். அவர் நம்பாமல் என் முகத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒத்திகைதான். ஒரு மாடு உள்ளே வந்ததும் பின்னால் கதவைச் சாத்திவிடவேண்டும், அடுத்தது அதைப் பார்க்கவே கூடாது. அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. என் கையிலிருந்த பிரம்பை வாங்கி அவரைக் கொடிக்கு நட்டுவிட்டாள். அவள் தோளோரமாக நடப்பாள், மாடு அதன் இஷ்டத்துக்கு வரும். சந்தின் மறுகோடியில் நக்குவதற்கு உப்புக் கட்டி. போகப் போக அதுகளே வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டன, பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். என் மாடுகள்தான், ஆனால் அவை அத்தனை அழகாகத் தலையைச் சாய்க்கும் என்று எனக்கே தெரியாது.

இதற்கு நடுவில் முடி வெட்டும் கடை முதலாளியம்மா இரண்டு தடவை வந்துபோனார். இவள் இடத்தில் இன்னும் யாரையும் வைக்கவில்லையாம், வந்தால் தங்க அறையும் தருவாராம். பரிசோதனை முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் ஜன்னலோரம் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்ததை என்ன செய்வது?

பரிசோதனை நாளன்று டாக்டர் வந்ததும் இவள் அவருக்கே சட்டம் போட்டாள். விசிலடிக்கக் கூடாது, மாட்டுக்குப் பின்னால் நிற்கக் கூடாது, வாலடியில் இரத்தம் எடுக்கும்போதும் பக்கவாட்டிலிருந்துதான் கை நீட்டவேண்டும். அவர் சிரித்துக்கொண்டே பையைக் கீழே வைத்தார். பையின் வாயில் கம்பிச் சுருள் தெரிந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

முதல் மாடு வந்தது, தலையைச் சாய்த்தது, நின்றது, இரத்தம் கொடுத்தது, போயிற்று. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது. ஒரு சத்தம் கிடையாது. குளம்புச் சத்தமும் இவள் முணுமுணுப்பும்தான். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கிவிட்டார். வக்கீல் வழக்கம்போல வாசலில் நின்று வாதத்தை ஆரம்பித்தான். இவள், "சார், உங்களுக்கு அப்புறம் ஆளுங்க காத்திருக்காங்க" என்றாள். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனான். சத்தியமாக, மகனே, நான் இட்டுக்கட்டவில்லை.

கடைசியில் தராசு. நிறைசினை. வயிறு இரண்டு பக்கமும் குழாயை உரசியது. இடது கொம்பு, குழாய் எடுத்த இடத்தின் வழியாக அழகாக வெளியே நீண்டது. பாதி வழியில் நின்றாள். யோசிக்கிறாள், அவ்வளவுதான். அவளை யோசிக்க விட்டிருக்கவேண்டும். என் கை சும்மா இருந்ததா? பழக்கதோஷம், இரண்டு கையையும் படீரென்று தட்டி "ஏய், நட!" என்று ஒரு அதட்டல் போட்டேன். தலை விருட்டென்று மேலே எழும்பியது. வலது கொம்பு வலது பக்கத்துக் குழாய்களுக்கு நடுவில் போய் ஆப்படித்தாற்போல் மாட்டிக்கொண்டது. அவள் இழுத்தாள். குழாய் முனகியது. போன வருஷம் நடந்ததும் எப்படி நடந்தது என்று நீயே யோசித்துக்கொள், நான் அதைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை.

டாக்டர் பையிலிருந்து கம்பியை எடுத்தார். அவர்மேல் தப்பில்லை. மாட்டினால் அறுப்பதாகத்தானே பேச்சு. போதாததற்கு அவள் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் கொம்பு அடியோடு முறியும், வயிற்றில் இருக்கும் கன்றுக்கும் ஆபத்து. இத்தனை வருஷம் பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததை என் ஒரு கைத்தட்டலில் தொலைத்துவிட்டேனே!

உன் மனைவி என் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்க போய் டீ போடுங்க" என்றாள்.

கோபம் இல்லை, எரிச்சல் இல்லை. கடைக்குக் கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்கிற குரல். என்னை இந்தப் பட்டியை விட்டுப் போகச் சொன்ன ஆள் இதுவரைக்கும் பிறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். நான் போனேன்! போய்ச் சமையலறையில் நின்றேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

அவள் டாக்டரையும் விலகச் சொன்னாள். தராசின் தோளை ஒட்டி நின்று ஒரு கையைக் கொம்பின் அடியில் வைத்தாள், மற்றதைக் காதுக்குப் பின்னால். தள்ளவில்லை, இழுக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று டாக்டர்தான் பிறகு சொன்னார். "அவசரமே இல்ல மேடம். எவ்ளோ நேரம் ஆனாலும் நான் இருக்கேன். கழுத்தை மட்டும் லூசா விட்டுடுங்க" என்றாளாம். எனக்கு ஜன்னலிலிருந்து தராசின் காதுகள் தெரிந்தன. விறைத்திருந்தவை முதலில் தொங்கின. விலா ஏறி இறங்குவது மெதுவாயிற்று. கண் பாதி மூடியது. அப்போது இவள் காதுக்குப் பின்னால் இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள், அவ்வளவுதான். அந்தப் பெரிய உடம்பு முகவாயை உள்ளுக்கு இழுத்து, வலது பக்கத்தைத் தாழ்த்தி, அரை அடி பின்னால் வந்தது. கொம்பு ஒரு கீறல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு நிதானமாக உப்புக் கட்டிக்கு நடந்து போய்விட்டாள். நான் அழுதேன். எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

டாக்டர் கையில் கம்பியோடு நின்றுகொண்டிருந்தார். "மாட்டினா அறுக்கறதுன்னுதான் பேச்சு. தானா வெளிய வந்துட்டா அது மாட்டினதாவே ஆகாது" என்று சொல்லிவிட்டுச் சுருட்டிப் பைக்குள் போட்டார். நல்ல மனுஷர். உள்ளே வந்து டீ கேட்டபோதுதான் நான் டீயே போடவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பரிசோதனை முடிவு வந்தது. மந்தையில் ஒருத்திக்கும் நோய் இல்லை. தராசு யாருக்கும் சொல்லாமல் புல்வெளிக் கோடியில் கன்று போட்டாள். கிடாரிக் கன்று, செவலையில் வெள்ளைத் திட்டு. அதைப் புதருக்குள் படுக்கவைத்துவிட்டு, ஒன்றுமே தெரியாதவள்போல வேறு பக்கம் மேய்ந்துகொண்டிருந்தாள். உன் மனைவி கண்டுபிடித்துவிட்டாள், ஆனால் தொடவில்லை, தூர நின்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். ஒத்திகையில் நுனி நன்றாக மேலே திரும்பிய மாடுகள் சந்தில் சிரமப்படவில்லையாம், நேராக நீட்டிக்கொண்டிருப்பவைதான் திணறுகின்றனவாம். அதனால் அடுத்த முறை அந்த நேர்க்கொம்புக்காரிகளை, நுனி நன்றாகத் திரும்பிய வக்கீலோடு சேர்த்தால் கன்றுகளுக்கு நுனி திரும்பும் அல்லவா என்று கேட்டாள். எனக்கு அகலத்தில் ஒரு சபலம் உண்டு, வருகிறவர்கள் வாயைப் பிளக்கவேண்டும் என்று நேராக நீளும் கொம்புக்கே ஆசைப்படுவேன். அவளுக்கோ மாடு சிரமமில்லாமல் போய்வர வேண்டும் என்பதில் கண். இதைக் கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காளை பொறுக்குவது வாயால் சொல்லித்தர முடியாத வேலை. அது இவளுக்குத் தானாக வந்திருக்கிறது. நீ எங்கே போய், எப்படித் தேடி இவளைக் கட்டினாய் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். டிராக்டரைத் தவிர வேறெதையும் உருப்படியாகப் பார்த்தறியாதவன் நீ.

இனி நான் சொல்லவந்தது. கொம்பு நிற்பது இவள் கையில்தான். அடுத்த பரிசோதனைக்கும் இதே பேச்சுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தோளோரம் இவள் நின்றால் மந்தை இப்படியே போகும். நான் நின்றால் கையைத் தட்டுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் மந்தையை இவளுக்கே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஆனால் கொடுக்க வாய் வரவில்லை. கடை முதலாளியம்மா அடுத்த மாதக் கடைசியில் மறுபடி வருகிறார். என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று தெரியவில்லை. கேட்டால், "பாக்கலாம் அத்தை" என்கிறாள். மாட்டைக் கொடுத்து ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டேன் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. இருக்கச் சொல்லவேண்டியது நான் இல்லை.

கல்யாணமானதிலிருந்து உன் கடிதம் எல்லாம் என் பெயருக்குத்தான் வருகிறது. கடைசி வரியில் 'அவளையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று எழுதுகிறாய். நானும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். ஆனாலும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு இவளுக்கு வாசலில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது. கவரை வாங்கி, மேலே இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்களுக்குத்தான்" என்று கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்தக் குரலில் ஒன்றும் இருக்காது. வெறுமனே "உங்களுக்குத்தான்", அவ்வளவுதான். எனக்குத்தான் கவரைப் பிரிக்கக் கை கூசுகிறது.

நீ கெட்டவன் இல்லை. கூச்சம், என்ன எழுதுவது என்று தெரியாது, உன் அப்பாவும் இப்படித்தான். ஆனால் அவர் பக்கத்திலேயே இருந்தார், பேசாவிட்டாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம். நீ கடலில் இருக்கிறாய். தராசு எப்படித் தலையைச் சாய்த்தாள் என்று அவளிடமே கேட்டு எழுது. கன்றுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேள். கொம்பை அறுக்கத்தான் வேண்டும் என்றாலும் சரி, அவளோடு சண்டை போட்டாவது எழுது. நாலு வரி போதும்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், கரை ஏறும்போது உன்னை எதிர்பார்த்து இங்கே ஆள் இருக்கவேண்டும். அடுத்த கடிதத்தில் கவர்மேல் என் பெயரைப் போடாதே, அவள் பெயரைப் போடு. விலாசம் இன்றைக்குவரை இதே வீடுதான்.

அம்மா.